இரண்டாவது தும்மல்

கிள்ளானில் தம்புசாமி வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் ஆறு பேர். பெண்ணின் தகப்பனார் தம்புசாமி. தாய் வள்ளியம்மா. கதவுக்குப் பின்னால் பெண் புஷ்பவல்லி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய மாப்பிள்ளை அய்யாவு, அவனை வளர்த்த பெரியப்பா பக்கிரிசாமி, அவருடைய சிநேகிதர் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுக்கும் டிரஸர் சீவரத்தினம்.

தாங்களும் இருந்ததாகப் பின்னாளில் சொல்லித் திரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

நிச்சயத் தாம்பூலத் தட்டு தம்புசாமியின் கையிலிருந்து பக்கிரிசாமியின் கைக்கு வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் அய்யாவு தும்மினான்.

ஒரே ஒரு தும்மல்.

வள்ளியம்மா எட்டித் தட்டைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஒத்தத் தும்மல்ண்ணே. இன்னொண்ணு வந்துட்டா தோஷமில்ல. வரலைன்னா என் பொண்ணக் குடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி ஐந்து நிமிடம். பத்தரைக்கு ராகு காலம்.

பக்கிரிசாமிக்குச் சிரிப்புதான் வந்தது. இன்னொரு தும்மல்தானே? ஒன்பது வருடமாக விடிந்ததும் பதின்மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறவன் அய்யாவு. அவன் மூக்கு ஒன்று ஒழுகும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். நொச்சி ஆவி, மஞ்சள் புகை, மிளகுக் கஷாயம் எல்லாம் அதனிடம் தோற்றுப்போயிருந்தன.

ரயில்வே பட்டறையில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் வேலை பார்த்த பக்கிரிசாமி, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்லிவந்தார். அது எஞ்சின் கரிப்புகையின் வேலை. தங்கள் வம்சத்தில் மூக்கு ஒழுகியவர் எவரும் கிடையாது.

சம்பந்தி வீட்டாரிடமும் அதையே சொல்லியிருந்தார். சொன்ன சொல் நிற்கவேண்டுமே என்றுதான் போன மாதம் பையனைச் சீவரத்தினத்திடம் இழுத்துக்கொண்டு போனார்.

"இது தடிமன் இல்லை, மண்டோர். இவன்ர மூக்குக்குத் தூசி ஒத்துவரேல்லை" என்றார் சீவரத்தினம். இலவம்பஞ்சுத் தலையணையை வெளியே எறியச் சொன்னார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாக விட்டுக் காலையும் மாலையும் மூக்கைக் கழுவச் சொன்னார்.

ஆறு நிமிடம் ஆயிற்று. அய்யாவு முகத்தைச் சுளித்துப் பார்த்தான். வாயைப் பிளந்து பார்த்தான். தும்மல் வரவில்லை.

வைத்தியம் பலித்துவிட்டது.

"ஏண்டா, வீட்டுல தும்முனா கூரை பறக்கும். இங்க வந்து மானத்த வாங்குறியா?" என்றார் பக்கிரிசாமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூக்கு அப்படித் தொறந்து கெடக்கு பெரியப்பா. அடுப்புல முந்திரி வறுபடுற வாசன கூட வருது."

அவன் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

தம்புசாமிக்கு இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போகக்கூடாது. மாப்பிள்ளையை வாசலுக்கு இழுத்துப்போய்ச் சூரியனைப் பார்க்க வைத்தார். கண்ணில் நீர் வழிந்தது, மூக்கு அசையவில்லை. துண்டின் நூலைத் திரித்து நாசியில் விட்டார். கூச்சத்தில் அய்யாவு நெளிந்தானே தவிரத் தும்மவில்லை. சட்டம் போட்ட வள்ளியம்மாவே மனம் கேளாமல் சாம்பிராணி போட்டு முறத்தால் விசிறினாள். கூடம் முழுக்கப் புகை.

கதவுக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

தன் மருந்து வேலை செய்ததற்காக ஒரு டிரஸர் தலைகுனிந்தது அன்றைக்குத்தான். "நான் என்ன செய்யிறது? வடிவாக் கழுவியிருக்கிறான்" என்றார் சீவரத்தினம்.

பக்கிரிசாமி சன்னலோரம் போய், கூடத்துக்கு முதுகைக் காட்டி, மூச்சை அளந்து விட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

பத்து இருபத்தெட்டு.

கதவுக்குப் பின்னால் சிரிப்பு நின்றுபோயிற்று. அய்யாவு அந்தக் கதவையே பார்த்தான். மூக்கு சுத்தமாக இருந்தும் அவன் கண்கள் இரண்டும் கலங்கியிருந்தன.

பக்கிரிசாமி திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்தார்.

தோள் துண்டை எடுத்து உதறினார். மடித்து மறுபடியும் தோளில் போட்டார். கூடத்தின் நடுவுக்கு வந்து, அத்தனை பேருக்கும் முன்னால், நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

தும்மினார்.

கடிகாரத்தின் கண்ணாடி அதிர்ந்தது. தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கதவுக்கு அடியில் போய்விட்டது. உள்ளே புஷ்பவல்லி வெடித்துச் சிரித்தாள்.

"மாப்பிள்ள வீட்டுத் தும்மல்தானே, செல்லும்லா. தட்டக் குடு புள்ள" என்றார் தம்புசாமி.

வள்ளியம்மா ஒரு நொடி யோசித்தாள். கொடுத்துவிட்டாள். பத்தரை அடிப்பதற்குள் தட்டு கைமாறியது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பக்கிரிசாமியைத் தவிர. அவர் துண்டால் முகத்தை மூடியிருந்தார்.

பெண் கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று பக்கிரிசாமி பொய்த் தும்மல் போட்டார் என்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்றுவரை சொல்கிறார்கள்.

அது தவறு. நாற்பது வருடமாக அவர் ஊர் முன்னால் அடக்கி வைத்திருந்த தும்மல்களில் வெளியே வந்த முதலாவது அதுதான்.