எலுமிச்சை சோப்பு

“அப்போ அந்த பலூன் இன்னும் உள்ளதான் இருக்கா டாக்டர்?”

கணவன்தான் கேட்டான். மருத்துவர் சிரித்தார்.

அது சிகிச்சை செய்த அன்றைக்கே வெளியே வந்துவிட்டதாம். தலைவலிக்குக் காரணமாக மூக்குக்குள் அடைத்துக்கிடந்த வழியில் பலூனை வைத்து ஊதி, அகலமாக்கிவிட்டு எடுத்துவிட்டாராம். கத்தியே படவில்லை.

மனைவி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். அவனுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அவளுக்கு மீன்தூள் ஆலையில் வேலை. கோழித் தீவனத்துக்காக மீனை வேகவைத்து, உலர்த்தி, அரைக்கும் இடம். அந்த வாடை தலைமுடிக்குள் குடியேறிவிட்டால், வீட்டைக் காலி செய்ய மனமில்லாத குடித்தனக்காரர் மாதிரி, கிளம்பவே கிளம்பாது.

பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் இவன் உட்கார்ந்தான். மறுநாளும் உட்கார்ந்தான். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே காதலைச் சொன்னான்.

அடைத்த மூக்கு பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சிகிச்சை முடிந்த இந்த மூன்று வாரமாகச் சிரிக்கவில்லை. ஆலையில் இரண்டு முறை, வீட்டில் ஒருமுறை எலுமிச்சை சோப்புப் போட்டுக் குளிக்கிறாள். விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. படுக்கையில் இருவருக்கும் நடுவே ஒரு தலையணை வந்திருந்தது.

மருத்துவர் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். வழி சுத்தமாக இருக்கிறது என்றார். ஏதாவது வாசனை தெரிகிறதா என்று கேட்டார்.

அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்தான்.

ஸ்பிரிட் என்றான். உங்கள் மேஜையில் ஆறிப்போன காபி என்றான்.

பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, எலுமிச்சை என்றான். குரலில் சந்தோஷமே இல்லை.

அவள் தலை குனிந்துகொண்டாள்.

மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதத் திரும்பியதும், அவன் எழுந்து அவளிடம் போனான்.

முதல்நாளே கண்டக்டர் தன்னை எச்சரித்ததைச் சொன்னான். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தால் குடலைப் புரட்டும், பின்னால் போய் நில்லுங்கள் என்றாராம். தெரிந்தேதான் உட்கார்ந்தானாம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டரிடம் வந்தது தலைவலிக்காக மட்டும் இல்லை என்று மெதுவாகச் சொன்னான்.

“ஏழு வருஷமா கூடவே இருக்கேன், உன் வாசனை என்னன்னே எனக்குத் தெரியாது. நாளைக்கு ஒருநாள், குளிக்காம நேரா வீட்டுக்கு வரியா?”