பச்சைக் குடம்

சில வருடங்களுக்கு முன் மஸ்கட்டிலிருந்து திரும்பிவந்த பௌசியாவுக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால், அவள் மூன்று வருடமாக இந்த ஊரில்தான் வசிக்கிறாள் என்று வி.ஏ.ஓ. எழுதித் தரவேண்டும். விசாரிக்க அவர் வந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரியும் வந்து தொலைத்தது. வரிசையின் கடைசியில் தன் பச்சைக் குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“ரேஷன் கார்டுல உன் பேரே இல்லையேம்மா. இங்கதான் இருக்கேன்னு எதை வெச்சு எழுதறது?”

கேட்டவர் கண், பெண்கள் ஆளுக்கொரு கை கொடுத்து முன்னால் நகர்த்திய அவளுடைய பச்சைக் குடத்தின் பின்னாலேயே போனது.

“அடியே மஸ்கட்டு!” லாரிக் குழாயைப் பிடித்திருந்த அஞ்சலாக்கா கத்தினாள். “உன் குடம் ரொம்பி வழியுது, வந்து தூக்குடி!”

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

“போம்மா, போய்த் தூக்கு.”