முகமது அலியின் பெரிய வெற்றி

“ஃபோர்மனைச் சாச்சாரே, அதுதான் பாய் பெரிய வெற்றி,” என்றார் அப்துல் அஜீஸ்.

மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவரிடம் சொன்னார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் மீரா உசேன், அதிராம்பட்டினத்திலிருந்து மனைவியோடு கார் பிடித்துக் கூத்தாநல்லூர் வந்திருந்தார். அவர் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள், கேபிள் டிவியில் ஒலிம்பிக் தொடக்க விழாவைத் திரும்பவும் காட்டினார்கள். குத்துச்சண்டை வீரர் முகமது அலி கை நடுங்க நடுங்கத் தீபம் ஏற்றினார். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அதோடு கல்யாணப் பேச்சு நின்றது.

பேச இருந்ததே ஒரு தேதிதான். துபாய் மாப்பிள்ளைக்கு லீவு முடியப்போகிறது. வருகிற வெள்ளிக்கிழமையே நிக்காஹ் என்பதில் இரண்டு தகப்பன்மாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

மகள் ஷமீராவுக்கு இருந்தது.

மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பி.எஸ்ஸி. கணிதத்தில் கடைசி வருடம் பாக்கி. முடித்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சியவளை, “புருஷன் வீட்டுல கணக்கா போடப்போறே?” என்று கேட்டு அப்துல் அஜீஸ் அடக்கியிருந்தார். ஆண்கள் இன்று தேதியைச் சொல்லிவிட்டால் கல்லூரிக்கு முழுக்கு.

அவள் கதவுத் திரைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

குவைத்தில் வீடியோ கேசட் கடையில் வேலை பார்த்த காலத்தில், அப்துல் அஜீஸ் அந்த அலி-ஃபோர்மன் குத்துச்சண்டையை நாடா தேயத் தேயப் பார்த்தவர். ஃபோர்மன் மலை மாதிரி ஆள். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டார். அடித்தவன் களைத்ததும் போட்டார் ஒரு போடு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இதைத்தானே சொன்னார்கள் என்று தொடையில் தட்டினார்.

ஒரு வருடம் பொறுங்கள் என்று மகள் கேட்டபோது இந்தப் பழமொழி அவர் வாயில் வரவில்லை.

மீரா உசேன் ஒப்புக்கொள்ளவில்லை. முட்டிச் சாய்க்க எருமைக்கும் தெரியும் என்றார். வியட்நாம் சண்டைக்கு வர மாட்டேன் என்று அலி சர்க்காரிடமே சொன்னார். சாம்பியன் பட்டத்தைப் பிடுங்கிய பிறகும் சொல்லை மாற்றவில்லை. அதுதான் வெற்றி. பெரியவர்களின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும் என்றார்.

அவர் வீட்டில் அவர் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையை இதுவரை யாரும் சொன்னதில்லை.

இருவருமே யாரையும் கை நீட்டி அடித்தவர்கள் அல்லர். அப்துல் அஜீஸ் கொசுவை அடித்தாலே குறி தப்பும். ஆனாலும் கூடத்துக் காற்றில் குத்துகள் பறந்தன. டீ கிளாஸ் கவிழ்ந்தது. சமோசாத் தட்டு தப்பித்தது பெரிய விஷயம்.

பேச்சு முடிந்ததும் துஆ ஓதி இறைவனிடம் வேண்டுவதற்காக அழைத்துவந்திருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் கருத்தை யாரும் கேட்கவில்லை. கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வருகிறேன் என்று அடுக்களை வழியாகக் கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வரச் சற்று நேரமாயிற்று.

அடுக்களையில் மாப்பிள்ளையின் தாயார் ஆமினாவும் ஷமீராவின் தாயார் மெஹராஜ் பேகமும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடத்து ஆண்களுக்கு அது என்றைக்கும் பாத்திரம் உருளுகிற சத்தம்தான்.

“சண்டைக்குப் போவாம வூட்ல உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு வெற்றியா பாய்?” என்று அப்துல் அஜீஸ் கேட்டுவிட்டார்.

மீரா உசேன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அலியக் கோழைங்கிற வூட்டுல எம்மவனுக்குப் பொண்ணு வேணாம்!”

“வாசல் அந்தப் பக்கம் இருக்கு!”

ஷமீரா திரையை இறுகப் பிடித்தாள். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று அழுதாளே தவிர, மாப்பிள்ளையே வேண்டாம் என்று அவள் அழவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹஜ்ரத் இரண்டு கைகளையும் ஏந்தி, உரத்த குரலில் துஆவைத் தொடங்கினார்.

துஆ தொடங்கிவிட்டால் சண்டை கிடையாது. நின்றவர் நின்றபடி, முறைத்தவர் முறைத்தபடி கைகளை ஏந்தினார்கள். ஹஜ்ரத் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் ஆமீன் சொன்னார்கள். அரபி எங்கே முடிந்தது, தமிழ் எங்கே தொடங்கியது என்று இருவரும் கவனிக்கவில்லை. பள்ளிவாசலிலும் கவனிப்பதில்லை. அடுத்த குத்தை எங்கே இறக்கலாம் என்ற யோசனையில் இருந்தார்கள்.

“யா அல்லாஹ், ஷமீராவின் படிப்பை நல்லபடியாக முடித்து வைப்பாயாக.”

“ஆமீன்.”

“படிப்பு முடிந்த பிறகு, இரு தாய்மாரும் பேசி முடித்தபடி, இந்த நிக்காஹ்வை நடத்தி வைப்பாயாக.”

“ஆமீன்.”

ஹஜ்ரத் கைகளை முகத்தில் தடவிக்கொண்டார். அவர்களும் தடவினார்கள். மீரா உசேனின் கை தாடிக்கு வந்ததும் அப்படியே நின்றது.

“ஹஜ்ரத், இப்ப என்ன துஆ செஞ்சீங்க?”

“உள்ளேர்ந்து கேக்கச் சொன்னத நான் கேட்டேன் பாய். ஆமீன் சொன்னது நீங்க ரெண்டு பேரும்தான்.”

கை ஏந்திச் சொன்ன ஆமீனை வாபஸ் வாங்கிய ஆள் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. அப்துல் அஜீஸ் மீரா உசேனைப் பார்த்தார். மீரா உசேன் ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் சமோசாத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து இன்னும் ஓர் ஆமீன் வந்தது. எல்லோருக்கும் பிந்தி வந்தது.

தன் மருமகளாக வரப்போகிறவளின் குரலை மீரா உசேன் முதன்முதலாகக் கேட்டார்.