பத்துக் கன அடி

புதுப் படிக்கட்டில் கடைசிப் படி வரைக்கும் கான்கிரீட் போட்டு மட்டம் இழுத்தாயிற்று. மிக்சர் மெஷின் மட்டும் நிற்கவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கலவை மிஞ்சும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்டாரா இந்த மனுஷன்?

என் வீட்டுக்காரர் சங்கரகணேஷ் புளியங்குடியில் கணக்கு வாத்தியார். ஒரு மாதமாக டேப்பும் கையுமாக அலைந்தார். சாய்வுத் தளத்துக்கு நீளம், அகலம், கனம் பெருக்கினார். அதன் மேல் உட்காருகிற ஒவ்வொரு படியும் முக்கோணம்தானே என்று பாதியாக்கித் தனியாகக் கூட்டினார். நடுவில் திரும்புகிற தளத்தையும் சேர்த்து ஐம்பது கன அடி என்றார்.

நாற்பதே தாராளம் என்றார் கொத்தனார் ஆறுமுகச்சாமி. இவர் காதில் ஏறவில்லை. ஐம்பதுக்குத்தான் ஜல்லியும் மணலும் சிமெண்டும் வந்து இறங்கின.

நேற்றுச் சாயங்காலம் நானும் என் அக்கா பிரம்மநாயகியும் வீட்டுக்குள் இருக்கிற பழைய படியில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

"வாத்தியாருக்கே கணக்கு தப்புனா பிள்ளைய எல்லாம் என்னத்தட்டி படிக்கும்?" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா கீழ்வீட்டில் இருக்கிறாள், நான் மேலே. அண்ணனுக்கு அவளையும் தம்பிக்கு என்னையும் ஒரே முகூர்த்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் கண்ணை மூடியதும் பாகத் தகராறு. அதிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு கிடையாது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்தாலும் யாரோ எவரோ என்று போவார்கள்.

அவர்கள் பேசாததையும் சேர்த்து நாங்கள் பேசினோம். கீழ்க் கூடத்தில் புறப்பட்டு எங்கள் கூடத்து மூலையில் இருக்கிற திறப்பு வழியாக வந்து ஏறுகிற அந்தப் படியில் அவள் பாதி ஏறுவாள், நான் பாதி இறங்குவேன். அது இல்லையென்றால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? புதுப் படியில் இறங்கித் தெருவைச் சுற்றி வாசல் வழியாகப் போகலாமே என்பார்கள். போனால் எங்கே, எதுக்கு என்று கேட்க இரண்டு வாசலிலும் ஆள் இருக்கிறது.

அதனால் வெளிப்பக்கமாகப் புதுப் படி வருகிறது என்றதும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"புதுசு நாம போக வர. பழசு அது பாட்டுக்கு அங்கன கிடக்கும்" என்றார். நம்பினேன்.

இன்று காலையில் அக்கா கோமதி அம்மனைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் அந்தத் திறப்பின் மேல் பலகையும் தகர ஷீட்டும் போட்டார்கள். தூசி கீழே விழக்கூடாதாம். அட, அண்ணன் வீட்டுத் தூசிக்குக்கூடக் கவலைப்படுகிறாரே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு. ஷீட்டின் மேல் கம்பி கட்டிக் கிடந்தது. மிச்சக் கம்பியை ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கலவைச் சட்டி புதுப் படியைத் தாண்டி எங்கள் கூடத்துக்குள் வந்தது. ஆறுமுகச்சாமி என் முகத்தைப் பார்க்காமல் அந்த ஷீட்டின் மேல் கொட்டினார்.

"என்னங்க இது?"

"கீழ உள்ள கதை மேலயும், மேல உள்ள கதை கீழயும் போனது போதும்" என்றார் இவர். கோபம்கூட இல்லை. வகுப்பில் விடை சொல்வது போலச் சொன்னார்.

அப்போதுதான் உறைத்தது. கணக்கு தப்பவில்லை. திறப்பை மூட எவ்வளவு வேண்டுமோ அதையும் கூட்டித்தான் போட்டிருக்கிறார். நான் கேலி பண்ணப் பண்ண வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார், பாவி மனுஷன்.

அடுத்த சட்டி விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. நான் தரையில் மண்டியிட்டு, ஓரத்தில் இன்னும் மூடாமல் கிடந்த இடுக்கில் வாயை வைத்து அலறினேன்.

"அக்கா! படிய மூடுதாவ! அத்தானக் கூப்பிடு, இப்பவே வந்து நிறுத்தச் சொல்லு!"

தன் தலைக்கு மேலே தம்பி கை வைத்தால் அண்ணன் சும்மா விடமாட்டார். வெட்டுக்குத்தே நடக்கும். இத்தனை வருஷம் நான் சாமியிடம் தீர்ந்துபோகட்டும் என்று வேண்டிய பகை, அந்த நிமிஷம் அதைத்தான் மலைபோல நம்பினேன்.

கீழேயிருந்து அக்கா அழுகிற குரல் கேட்டது.

"யாரட்டி கூப்பிட? அடியில பலகைக்கு முட்டுக்கம்பப் பிடிச்சிக்கிட்டு நிக்கதே உங்க அத்தான்தான்."