வாசல் கணினி

கதவு திறக்கவில்லை.

வெளியே வருவதற்காக நான் என் அட்டையைத் தேய்த்தேன். மேடம் தன் அட்டையைத் தேய்த்தார். வழக்கமாக அரை நிமிடம் யோசித்துவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டும். இன்று நாலு நிமிடம் ஆகியும் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

தடுப்பூசி மருந்துகள் வைக்கும் குளிர் அறை. ஐந்து டிகிரி. வெள்ளிக்கிழமைதோறும் உள்ளே போய் இருப்பைச் சரிபார்க்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது விதி. கிடங்கு அதிகாரி என்ற முறையில் மேடம் ஒருவர். சாட்சிக்கு வேறு பிரிவு ஆள் ஒருவர். கணினிப் பிரிவு என்பதே நான் ஒருவன்தான். எனவே அந்தச் சாட்சியும் எப்போதும் நான்தான்.

உள்பக்கத்து அவசரக் கைப்பிடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கான கோப்பு இன்னும் மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருக்கிறது.

கதவைத் திறக்கும் புரோகிராமை எழுதியது நான். வாசலில், காவலர் மேசைமேல் இருக்கும் பழைய கணினியில் அது ஓடுகிறது. வரும் திங்கட்கிழமை அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டப்போகிறார்கள். புதியதை எழுத ஆறு பேருக்கு ஒன்றரை வருடம் ஆனது. நான் மூன்று மத்தியானத்தில் எழுதினேன். அதிலும் ஒரு மத்தியானம் தூங்கிவிட்டேன்.

பெருமையடிக்கவில்லை. அந்தக் காலத்துக் கருவி அப்படி. திறந்ததும் புள்ளி புள்ளியாக ஒரு சாம்பல் நிறப் பலகை வரும். ஒரு பொத்தானை இழுத்து அதன்மேல் போடலாம். பொத்தானை இரண்டு தடவை தட்டினால், 'இதை அழுத்தினால் என்ன செய்யட்டும்?' என்று கேட்பதுபோல ஓர் இடம் திறக்கும். சொன்னதைச் செய்யும். ஒன்றும் தெரியாமல் காலையில் உட்கார்ந்தவன்கூட மாலைக்குள் ஒரு புரோகிராம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இன்றைக்கு ஒரு பொத்தான் வைக்க நாற்பது கோப்பு வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் எனக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள்.

அது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் வினை. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மேடம் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாத ஒன்றை, வெளியே வரும்போது எங்கள் இருவர் அட்டையும் சேர்ந்து விழுந்தால் திரையில் ஒரு பெட்டி தோன்றிக் கேட்கும்படி நாலு வரி எழுதினேன். கையோடு வாசல் கணினியிலும் கொண்டுபோய்ப் போட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பெட்டி மேடம் முன்னால் வராது. காவலர் முன்னால் வரும்!

மறுநாள் முதல் வேலையாக அந்த நாலு வரியை அழித்தேன். ஓட்டிப் பார்த்தேன். பெட்டி வரவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு நான் கேட்கவேயில்லை. அவருக்குக் கல்யாணம் ஆனபோது அலுவலகம் சார்பில் சுவர்க் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு போனவனும் நான்தான். அம்மா பார்த்த பெண்களை எல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். வெளியூரில் நல்ல வேலைகள் கிடைத்தன, போகவில்லை. வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு எங்கே போவது? வெட்கங்கெட்ட பிழைப்புதான், தெரியும். ஆனாலும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நான் கேட்டதில்லை, அதனால் அவர் மறுத்ததுமில்லை.

விரல்கள் மரத்துப்போயின. மேடம் கோட்டின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, எண்ணிய பெட்டிகளையே மறுபடி எண்ணினார்.

சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தேன். வாசலில் இருந்து காவலர். பழையவர் போன வாரம் ஓய்வு பெற்றுவிட்டார், இவர் இந்தத் திங்கட்கிழமைதான் சேர்ந்தார். குளிர்சாதன இரைச்சலில் கேட்க வேண்டும் என்று அந்தத் தொலைபேசி ஊருக்கே கேட்கும்படி கத்தும்.

"சார், இங்க திரையில ஒரு பெட்டி வந்து நிக்குது. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா'ன்னு கேக்குது சார். கீழ யெஸ், நோன்னு ரெண்டு பொத்தான் இருக்கு. எதை அழுத்தட்டும்?"

அப்போதுதான் புரிந்தது. அந்த நாலு வரியை நான் அழித்தது என் மேசைக் கணினியில். வாசலுக்குப் போய் அங்கிருந்ததை மாற்றவே இல்லை. எழுதப் பழகுகிறவன் முதல் வாரத்தில் செய்யும் தப்பு.

ஐந்து டிகிரியில் எனக்கு வியர்த்தது. இத்தனை வருடம் வராத பெட்டி இன்று மட்டும் ஏன் வந்தது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. ஓடி ஒளியலாம் என்றால் கதவு பூட்டிக் கிடந்தது. திரும்பி மேடம் முகத்தைப் பார்க்கும் தைரியம் சத்தியமாக எனக்கு இல்லை.

அவர் வந்து என் கையில் இருந்து தொலைபேசியை வாங்கினார். குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"ரெண்டாவதை அழுத்துங்க தம்பி. எப்பவும் அதுதான். முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போகலையா?"

எப்பவும்.

இருபத்திரண்டு வருடம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவர் மறுத்திருக்கிறார். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, அவர் பின்னாலேயே சந்தோஷமாக வெளியே வந்திருக்கிறேன்.

பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. மேடம் தொலைபேசியை அதன் இடத்தில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

முதல் பொத்தானை அழுத்தியிருந்தாலும் கதவு திறந்திருக்கும். அப்படித்தான் எழுதியிருந்தேன்.