அடுத்த வரி

குளியலறைக்குள் மாமனார் பிரார்த்தனைப் பாட்டை முணுமுணுப்பது கேட்டதும் மருமகள் கதவருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

வேறு யாராவது முணுமுணுத்திருந்தால் அவள் கண்டுகொண்டிருக்கவே மாட்டாள். இவர் ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர். மேதை என்று ஊரே கொண்டாடியவர். "நிரூபிச்சுக் காட்டு, கும்பிடறேன்" என்று கடவுளையே கரும்பலகைக்குக் கூப்பிட்டவர்.

அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாகக் காலையில் மாமியாரோடு பிரார்த்தனைக்கு உட்கார்ந்துவிடுகிறார்.

சாப்பிடும்போது மகன் விடவில்லை.

"என்னப்பா, மேலே போக இப்பவே டிக்கெட் போட்டு வைக்கிறீங்களா?"

"வெயிட்டிங் லிஸ்ட்லதான்டா இருக்கேன். இன்னும் உறுதியாகலை."

"இத்தனை வருஷம் அம்மாவைக் கேலி பண்ணினதெல்லாம்?"

"அப்ப மூளை வேலை செஞ்சுதுடா."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போன வாரம் குடையைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். தெருமுனைக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். 'மேதைன்னா மறதி இருக்கத்தான் செய்யும்' என்று இந்த வீட்டில் அதையும் பெருமையாகத்தான் சொல்வார்கள். மறதியோடு இப்போது பக்தியும் சேர்ந்துகொண்டதே, மனுஷருக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அவளுக்குப் பயம்.

கணவன் அலுவலகம் கிளம்பியதும் கேட்டே விட்டாள்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. நிஜமாவே நம்பிக்கை வந்துடுச்சா? இல்ல, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்பிக்கையாவது ஒண்ணாவது! உங்க அத்தைக்கு மறதி வந்துடுச்சும்மா. சின்ன வயசுலேருந்து பாடற பாட்டு, பாதியில நின்னுடறா. அப்ப அவ முழிக்கிற முழி இருக்கே, எனக்குப் பொறுக்கலை. அதான் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன். அவ நிறுத்தினா அடுத்த வரியை எடுத்துக் குடுக்கறேன்."

"இந்த வயசுல அத்தனை பாட்டுமா?"

"என்ன செய்யறது? தினம் வேற வேற இடத்துல மறக்கறா. எங்கே மறப்பான்னு ஒரு சூத்திரம் கூடப் போட்டுப் பார்த்தேன், பிடிபடலை. முழுசாப் படிக்கிறதைத் தவிர வழியில்லை." பெருமூச்சு விட்டார். "அவகிட்ட மூச்சு விட்டுடாதே. சாமி இருக்கோ இல்லையோ, அவளுக்கு ரோஷம் இருக்கு."

மருமகள் தன்னையே நொந்துகொண்டாள். இவருக்கா மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தோம்! பாவம், அத்தைக்கல்லவா இப்படி ஆகிவிட்டது?

மத்தியானம் மாமனார் கண்ணயர்ந்திருந்தார். பின்னறையில் துணி மடித்துக்கொண்டே மாமியார் பாடுவது கேட்டது. ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது. அதுவும் முடிந்து இன்னொன்று. எங்கேயும் நிற்கவில்லை. ஒரு சொல் பிசகவில்லை.

மருமகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை! எல்லாம் தலைகீழா ஞாபகம் இருக்கே! அப்புறம் காலையில மட்டும் ஏன்..."

மாமியார் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா பேசுடி! மாமாவைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனப்ப, அவர் மூளைக்குத் தினம் புதுசா ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருங்கன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். இவர்கிட்ட சொன்னா கேட்பாரா? 'யாருக்கு, எனக்கா?'ன்னு குதிப்பார்."

"அதுக்காக சாமி முன்னாடி பொய்யா, அத்தை?"

மாமியார் கணவரின் சட்டையை எடுத்து, காலரை நீவி நீவி மடித்தாள்.

"சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் செய்யறேன். நான் மறந்தாத்தானே அவருக்கு ஞாபகம் இருக்கும்?"