மச்சானின் மூக்கு

மார்த்தாண்டத்துக் கடையில் ஜிஷாவின் கணினித் திரை மஞ்சளும் ரத்தச் சிவப்புமாகக் கண்ணைக் குத்துகிறது. தேன் விற்க அவள் துப்புரவாய் வடிவமைத்த வலைப்பக்கத்தில், கல்யாண ஃபிளெக்ஸ் போர்டுபோல, வியாபாரி ஜான்ரோசின் சொந்தபந்தம் மொத்தமும் முகம் முகமாய் ஏறி அப்பியிருக்கிறது. பாவம், 'ஆர்டர் செய்ய' என்ற பொத்தான் மட்டும் ஓரத்தில் உயிரோடு கிடக்கிறது.

“அதைத் தூக்கிட்டு எளைய மச்சானைப் போடு மக்கா. அவனை விட்டா எனக்கு வீட்டில சோறு கிடையாது.” பின்னால் நின்று பொத்தானைக் காட்டுகிறார் ஜான்ரோஸ்.

“அப்போ தேன் வாங்க வாறவன் எங்க அமுக்குவான் அண்ணா?”

“மச்சானுக்க மூக்கில அமுக்கட்டும்!”

ஜிஷா பொத்தானைத் தூக்கிவிட்டு மச்சானை ஏற்றி, ஆர்டர் இணைப்பை அவன் மூக்கிலேயே பொருத்துகிறாள். திரையில் பூசணிக்காய் அளவுக்கு விரிந்த அந்த மூக்கு எண்ணெய் வழிய, முடி எட்டிப்பார்க்க, மினுங்குகிறது. அம்புக்குறியை அதன்மேல் வைத்து அமுக்கிப் பார்க்கிறாள். ஒரு கிலோ தேன் ஆர்டராகிவிடுகிறது. விரலைச் சுரிதாரில் அழுத்தித் துடைத்துக்கொள்கிறாள்.